பதாகை வடிவமைக்கும் தம்பி, தங்கைமாருக்கு

தன்னாமுனை வழியாக ஏறாவூருக்குப் போகும்போது வீதியோரப் பதாகைகளை வாசிப்பது என் வழக்கம். சிலவற்றில் அரபுச் சொற்கள் துண்டு துண்டாக நிற்கின்றன. அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேர வேண்டியவை. அதற்கு வசதியில்லாத மென்பொருளில் ஒட்டினால் உடைந்துவிடும்.

நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத ட, ண, ள, ழ ஒலிகளுக்காக, இருந்த எழுத்துகளிலேயே புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அரபுத்தமிழை உருவாக்கினார்கள். இதைவிடச் சிறந்த வடிவமைப்புப் பாடம் வேறென்ன?

முன்மாதிரியை இணையத்தில் மட்டும் தேடாதீர்கள். வாப்பும்மாவின் அரபுத்தமிழ்க் கிதாபு வீட்டில் இருந்தால், அதன் வளைவுகளையும் புள்ளிகளையும் வரைந்து பழகுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் ஓதத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்றே, புள்ளிதான் வேறு. அது தவறினால் சொல்லே மாறிவிடும்.