டிரெய்லருக்கும் முன்பாரம் வேண்டும்

டிராக்டர் டிரெய்லரை உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளும் விவசாயிகள் தகட்டின் கனம், டயர், வண்ணம் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறார்கள். அச்சு எந்த இடத்தில் வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டு சக்கர டிரெய்லர் நேராக வருவதும் வாலை ஆட்டுவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் கூடினால் நுகத்தடி எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். டிரெய்லரிலும் அப்படித்தான். பின்பாரம் கூடினால் அது டிராக்டரின் பின்புறத்தை மேலே தூக்கும். பெரிய சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் இருப்பதும் அந்தச் சக்கரங்களில்தான்.

ஆகவே அச்சைப் பெட்டியின் நட்டநடுவில் வைக்காமல் சற்றுப் பின்தள்ளி வைக்க வேண்டும். பெட்டி 10 அடி, பெட்டியின் முன்பக்கத்திலிருந்து கொக்கி வரை 5 அடி என்று வைத்துக்கொள்வோம். அச்சு நடுவிலிருந்து ஒன்றரை அடி பின்னால் இருந்தால், சீராகப் பரப்பிய 1 டன் பாரத்தில் சுமார் 130 கிலோ கொக்கியில் இறங்கும். பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இருப்பது நல்லது. அளவு மீறினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் பிடிபடாது. கொக்கி தாங்கும் எடையை டிராக்டர் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சோதிப்பது எளிது. பாரம் ஏற்றிய டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்து, மூட்டை நிறுக்கும் தராசின் மேல் மரக்கட்டை வைத்துக் கொக்கியை அதில் இறக்க வேண்டும். பெட்டியின் பின்கோடிக்கு அடியில் முட்டு அவசியம். பின்பாரமாக இருந்தால் கழற்றிய உடனே டிரெய்லர் பின்பக்கம் சாய்ந்துவிடும்.

அச்சு சரியாக இருந்தாலும் ஏற்றும் ஆட்கள் கெடுத்துவிடலாம். மூட்டைகளை முன்னே கொண்டுபோகச் சோம்பி வாசலிலேயே அடுக்குவதும், கரும்பைப் பின்னால் நீட்டிக் கட்டுவதும் அச்சின் பயனைப் போக்கிவிடும்.

டிரெய்லரை டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும். அதற்கு மேலே வேறெங்காவது மாட்டி இழுத்தால் டிராக்டரின் முன்புறம் எழும்பிப் பின்னால் கவிழும். இதில் உயிரிழப்பும் நேரிடும். பின் நழுவாமல் பூட்டு ஊசியும், கூடவே ஒரு சங்கிலியும் இருக்கட்டும்.

டிரெய்லரில் தனிப் பிரேக் இல்லையென்றால் இறக்கத்தில் பாரம் டிராக்டரைத் தள்ளும். இறங்கத் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாற்ற வேண்டும். நியூட்ரலில் விடக் கூடாது. சாலையில் இரண்டு பிரேக் மிதிகளும் இணைந்தே இருக்க வேண்டும்.

சாலையில் செல்லும் டிரெய்லருக்கும் பதிவு தேவை. பட்டறைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.