சைக்கிள் வேகத்தில் ஏலமலை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஜீப்பில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். சைக்கிளில் போனால் மூன்று மணி நேரமாவது பிடிக்கும். அந்தக் கூடுதல் நேரத்தில்தான் மலை எப்படி இயங்குகிறது என்பது உடம்புக்குப் புரிகிறது. போடி ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டரில். போடிமெட்டுக் கணவாய் அதற்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் மேலே. 25 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் இந்தச் சாலையில் முட்புதர்க் காடு, இலையுதிர் காடு, மேகம், ஏலத்தோட்டம் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. சமவெளியில் இத்தனை மாற்றத்தைப் பார்க்கப் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், அதை 1,000 மீட்டர் உயர்த்த எட்டு லட்சத்துச் சொச்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். பழக்கப்பட்ட கால்கள் விடாமல் தரக்கூடிய திறன் சுமார் 100 வாட். அப்படியென்றால் ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டே கால் மணி நேரம். டயரின் உராய்வையும் இளைப்பாறலையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். நம் தசைகள் உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆகவே மொத்தச் செலவு சுமார் 1,000 கலோரி, அதாவது ஏழெட்டு தோசை. பெட்ரோலில் சொன்னால் 120 மில்லி. அதே மேட்டை ஏற ஜீப்புக்கு லிட்டர் கணக்கில் வேண்டும்.

மிச்ச முக்கால் பங்கு வெப்பமாக வெளியேறியாக வேண்டும். 100 வாட் வேலைக்குச் சுமார் 300 வாட் சூடு. அதை வியர்வைதான் கொண்டுபோகிறது, மணிக்கு அரை லிட்டர் வீதம். ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் காற்றும் அடிக்காது. மலையடியிலுள்ள முந்தல் ஊரைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும்போது உடம்பைப் படுத்துவது மேட்டைவிட இந்தச் சூடுதான்.

அதற்கு மலையே மருந்து வைத்திருக்கிறது. உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்த காற்று விரிந்து குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ். போடியில் 35 டிகிரி என்றால் மெட்டில் 28 டிகிரி அளவில் இருக்கும். பஸ்ஸில் போகிறவர் இதை மேலே இறங்கியதும் ஒரே வீச்சில் உணர்கிறார். சைக்கிளில் வருகிறவர் 17 வளைவுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றுக்கொள்கிறார்: ஒரு வளைவில் வியர்வை உலரத் தொடங்கும், நாலு வளைவு கழித்துச் சட்டை முதுகில் சில்லென்று ஒட்டும். இந்தச் சரிவு கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக அறையும், பிற்பகலில் மலைமுகடே நிழல் போட்டுவிடும். அதனால் வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது.

ஆனால் இந்த மெட்டுச் சாலை கொச்சி–தொண்டி தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் காலையில் மேலேயும் மாலையில் கீழேயும் விரையும். அமைதி தேடுகிறவருக்குப் போடியிலிருந்து பிரியும் குரங்கணி சாலை இருக்கிறது. கொட்டகுடி ஆற்றை ஒட்டி, மாந்தோப்புகளையும் இலவ மரங்களையும் கடந்து போகும் இது மலையடியில் முடிந்துவிடுகிறது. எங்கேயோ போகிறவர்கள் குறுக்கே புகும் சாலையில்தான் நெரிசல் சேரும். முட்டி நிற்கும் சாலையில் அந்த ஊருக்குப் போகிறவர்கள் மட்டுமே வருவார்கள். காதருகே காற்றிரைச்சலும் இல்லாத சைக்கிள் வேகத்தில் ஓடைச் சத்தம், சருகில் அரணை ஓடும் சரசரப்பு, பாறையிடுக்கில் சீகாரப் பூங்குருவியின் விசில் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும்.

இன்று ஒதுங்கிக் கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் தேயிலையின் ராஜபாட்டை. மூணாறில் தயாரான தேயிலை குண்டலைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடப் பாதை வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே தூத்துக்குடித் துறைமுகம் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. குரங்கணிக்கு மேலே இன்று நடைபாதைதான். 2018 மார்ச் காட்டுத்தீயில் மலையேறிகள் பலர் உயிரிழந்த இடம் அது. வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு அடியும் மேலே வைக்கக்கூடாது.

நெடுஞ்சாலை வழியே மெட்டுக்கு ஏறினவர் தென்மேற்குப் பருவத்தில் அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கேரளப் பக்கமிருந்து மேகம் முகட்டைத் தாண்டி வழியும். நம் பக்கம் சில நூறு மீட்டர் இறங்குவதற்குள் கண்ணெதிரே கரைந்து காணாமல் போகும். இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது, மேகத்தின் நுண்துளிகள் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடுகின்றன. இடுக்கியில் மழை கொட்டும்போது போடி காய்ந்து கிடப்பதற்கும், நம் மானாவாரிக்காரர்கள் ஐப்பசி மழைக்குக் காத்திருப்பதற்கும் காரணம் இதுதான். அந்தக் கரையும் மேகத்துக்குள் சைக்கிளில் நுழைந்து வெளிவந்தால், முன்கை ரோமத்தில் பூத்த நீர்த்துளிகள் ஒன்றிரண்டு வளைவுக்குள் மறைவதை நம் தோலிலேயே பார்க்கலாம்.

மெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் திரும்பினால் ஏலக்காடு. ஏலம் நிழலில் பிறந்த செடி. நேர்வெயில் பட்டால் இலை கருகும், மேலோட்டமாகப் பரவும் வேர் ஈரம் இல்லாமல் துவளும். அதனால் தோட்டக்காரர்கள் காட்டு மரங்களை முழுக்க வெட்டாமல் விட்டு, பருவமழைக்கு முன்பு கிளைகளை மட்டும் கழித்து, வெயிலை வடிகட்டி உள்ளே விடுகிறார்கள். குனிந்து செடியின் அடியைப் பார்த்தால், தரையோடு படர்ந்த சரங்களில் ஊதாக் கோடு ஓடிய வெள்ளைப் பூக்கள். விடியலில் விரியும் ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே பகல். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும், இல்லையென்றால் காய் இல்லை. அந்தத் தேனீ கூடு கட்டுவதும் இந்த நிழல் மரங்களிலும் அவற்றின் பொந்துகளிலும்தான்.

இதேபோல ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஓக் மரங்களை இடைவெளி விட்டு வளர்த்து, அவற்றின் அடியில் ஆடு, மாடு, பன்றி மேய்க்கும் பெரும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அங்கேயும் மரம் நிற்பதற்குக் காரணம் மனிதப் பிழைப்பு: பன்றிக்கு ஓக் கொட்டை, ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கும் கார்க் பட்டை. வாகனம் குறைந்த அந்தக் கிராமத்துச் சாலைகளைத் தேடி உலகெங்குமிருந்து சைக்கிள் பயணிகள் போகிறார்கள். நம் ஏலமலையும் அப்படிப்பட்ட நிலம்தான். இங்கே காட்டைக் காடாக நிறுத்தியிருப்பதில் ஏலக்காய்க்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த ஏற்பாடு இப்போது ஆட்டம் காண்கிறது. அதிக விளைச்சல் ரகங்கள் வந்தபின் பல தோட்டங்களில் நிழல் மெலிந்துவிட்டது. 2024 கோடை வறட்சியில் இடுக்கியின் ஏலச் செடிகள் பெருமளவில் கருகின. அடர் நிழலும் மொட்டை வெயிலும் மாறி மாறி வரும் தோட்டச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இதில் வாதமே தேவையில்லை. மரத்தடியை விட்டு வெளியே வந்த கணமே தோல் சொல்லிவிடும்.

மதுரை–போடி ரயில் பாதை 1928-இல் வந்தது. அகலப் பாதையாகி 2023 ஜூனில் மறுபடி போடிவரை ரயில் ஓடத் தொடங்கியது. சைக்கிளோடு வந்து இறங்க இனி வெளியூர்க்காரருக்கும் தடையில்லை. இருந்தாலும் முதலில் வரவேண்டியவர்கள் தேனி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள். ஒரு விடுமுறைக் காலையில் குரங்கணி சாலையில் ஆசிரியர் துணையோடு, ஹேண்டில்பாரில் ஒரு வெப்பமானியைக் கட்டிக்கொண்டு, மாந்தோப்புக்குள் ஒரு அளவு, வெட்டவெளியில் ஒரு அளவு, போடியில் ஒரு அளவு, குரங்கணியில் ஒரு அளவு என்று குறித்து வரட்டும். உயரம் எவ்வளவு குளிர்விக்கிறது, மரம் எவ்வளவு குளிர்விக்கிறது என்று அவர்களே கழித்துப் பார்க்கட்டும். உயரத்தை நம்மால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நிழல் மட்டும் நம் கையில் இருக்கிறது.