நாக்கு வகுக்கும் வழி

பிலிப்பீன்ஸில் உள்ள பனாய் தீவுக்குச் சாப்பிடுவதற்கென்றே போகிறவர்கள் உண்டு. அத்தீவின் இலோய்லோ நகரை 2023-இல் யுனெஸ்கோ, உணவுக் கலைக்கான படைப்பாற்றல் நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த நாட்டில் இந்தப் பெயரைப் பெற்ற முதல் ஊர் அதுதான். அங்கே ஒரு நாள் கடை கடையாக ஏறி இறங்கித் தின்று பார்க்கப் போகிறவர்கள், எந்தக் கடை எந்தத் தெருவில் என்றுதான் முதலில் தேடுவார்கள். என்னைக் கேட்டால் தெருவை விடுங்கள், எதற்குப் பிறகு எது என்பதை முடிவு செய்யுங்கள் என்பேன். நாக்குக்கென்று ஒரு வரிசை இருக்கிறது.

காலையில் லா பாஸ் சந்தை. அங்கே கிடைக்கும் பாச்சோய் ஒரு நூடுல்ஸ் சூப். பன்றி ஈரலும் மற்ற உள்ளுறுப்புகளும் உள்ளே, எலும்பு மஜ்ஜையும் பொரித்த பன்றித்தோலும் மேலே. இதை முதலில் செய்தது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை; நமக்கு அது வேண்டாம். சூப்பில் கினாமோஸ் என்ற பொருளைக் கொஞ்சம் கரைக்கிறார்கள். உப்புப் போட்டு நொதிக்கவிட்ட இறால் விழுது அது. மூக்கைப் பிடிக்கத் தோன்றும். ஆனால் அதில் குளூட்டமேட் நிறைய. 1908-இல் ஜப்பானின் கிகுனாயே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தாரே, அதே பொருள்தான். கொதித்த இறைச்சியிலிருந்து இறங்குவது இனோசினேட். நாக்கின் ஏற்பி திறந்த வாய் போன்றது. குளூட்டமேட் அதற்குள் போய் உட்கார்ந்ததும் வாய் மூடிக்கொள்ளும். இனோசினேட் வாசலருகே நின்று, மூடிய வாய் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் இரண்டும் சேரும்போது சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. அந்த நாற்றத்துக்கு அவ்வளவு மதிப்பு.

மஜ்ஜையின் கொழுப்பு வாயில் படிந்திருக்கும்போது இனிப்புப் பக்கம் போகாதீர்கள். அடுத்தது புளிப்பாக இருக்கட்டும். மதியத்துக்கு 'கட்யோஸ், பாபோய், லங்கா' என்ற குழம்பு. துவரை, பன்றி, பலாக்காய் என்பதுதான் பெயரின் பொருள். துவரை இந்தியாவில் பயிராகி உலகம் சுற்றியது; இங்கே அதன் கரிய வகை குழம்பையே ஊதா சாயலாக்கிவிடுகிறது. புளிக்குப் பதில் போடுவது பட்வான் என்ற பச்சைக் காய். அது நம் குடம்புளிக்கும் மங்குஸ்தானுக்கும் ஒரே பேரினத்து உறவு. புளிப்பின் வேதியியல் எளியது. அமிலம் விடுவிக்கும் புரோட்டான் நாக்கின் செல்லுக்குள் நேராக நுழைகிறது. நுழையும் கதவான புரதத்தை அமெரிக்காவில் எமிலி லிமனின் குழு அடையாளம் கண்டதோ 2018-இல்தான்! புளிப்பு பட்டதும் உமிழ்நீர் ஊறி, வாய் தெளிகிறது.

தெளிந்த வாயோடு படகேறினால் கால் மணி நேரத்தில் கிமாராஸ் தீவு. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே மாம்பழம் கொழிக்கும். வெளியூர் மாம்பழத்தைத் தீவுக்குள் கொண்டுவர அனுமதியில்லை. வண்டு கூடவே வந்துவிடும் என்ற அச்சம். பழத்துக்கு அவர்கள் சொல்லும் 'மங்கா' நம் மாங்காய்தான், மலாய் வழியாகப் போன சொல். இங்கே ஒரு எச்சரிக்கை. கரும்புச் சர்க்கரை அடைத்த பியாயா என்ற தட்டை ரொட்டி எல்லாக் கடையிலும் கண்ணில் படும். அதைத் தின்றுவிட்டு மாம்பழத்தைக் கடித்தால் நல்ல பழம்கூடப் புளிக்கும். சர்க்கரையில் ஊறிய ஏற்பிகள் களைத்துப்போய் அடுத்த இனிப்பைக் குறைத்துச் சொல்லும்; அடியிலிருந்த அமிலம் மேலே வரும். பழம் முதலில், பியாயா பொட்டலமாகப் பையில்.

மாலையில் இலோய்லோ திரும்பி, கரியில் சுட்ட கோழி. தொட்டுக்கொள்ள சினாமாக்: மிளகாய், இஞ்சி, பூண்டு ஊறிய வினிகர். அது வருவது தென்னங்கள்ளிலிருந்து. பாளையைச் சீவியதும் வடியும் சாறு தேன்போல் இனிக்கும். ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடுவதால் சில மணி நேரத்தில் சாராயம் ஏறுகிறது. மேலும் விட்டுவைத்தால் பாக்டீரியாக்கள் அதை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. நம்மவர்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவி, புளிக்காமல் பதநீராக நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கத்துத் தீவுகளில் பலவற்றில் அலையாத்தி மரப்பட்டையைக் கள்ளில் போடுகிறார்கள். பட்டையின் துவர்ப்புப் பொருள் புளிப்பைத் தாமதப்படுத்துகிறது, கள்ளும் சிவக்கிறது.

கள்ளுக்கு அங்கே பெயர் துபா. காலையில் குடிப்பதும் மாலையில் குடிப்பதும் ஒரே பானமல்ல. அதனால்தான் அது என் வரிசையில் கடைசி. மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில் வேலை செய்த பிலிப்பீன்ஸ் மாலுமிகள் இந்தத் தொழிலைக் கையோடு கொண்டுபோனார்கள். மெக்சிகோவின் கோலிமா ஊர்த் தெருக்களில் தென்னஞ்சாற்றை இன்றும் 'துபா' என்றே கூவி விற்கிறார்கள்.