கலியாண வீட்டுக் கணக்கு

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்னும் பழமொழியை அறியாதவர் எவருமிலர். ஒருவருடைய பொருளையும் பொறுமையையும் அளந்து காட்டும் காரியங்கள் இவ்விரண்டுமே என்பது அதன் கருத்து. ஆயினும், கட்டிய வீட்டை ஈடுவைத்துக் கலியாணத்தைச் செய்யும் காலம் ஒன்று வருமென்று அப்பழமொழியைச் சொன்னவர் நினைத்திருக்கமாட்டார்.

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் தம் மகளுக்கு மணம் பேசி முடித்திருக்கின்றார் என்று வைத்துக்கொள்க. அவரிடம் உள்ளவை ஓய்வூதியம், சிறிது சேமிப்பு, நான்கு பரப்புக் காணி ஆகியன. முகூர்த்தம் குறித்த மறுநாளே அவர் மண்டபம் தேடிப் புறப்படுகின்றார். இங்கேதான் பிழை தொடங்குகின்றது. மண்டபத்தின் அளவு முதலில் முடிவானால், அதனை நிரப்புதற்கு ஆட்களைத் தேடவேண்டியதாகின்றது. எத்தனை பேரை அழைப்பது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். மண்டபமா, ஆலயமா, வீட்டு முற்றத்துப் பந்தலா என்பது அதன் பின்னரே பேசத்தக்கது.

விருந்தினர் ஒருவர் கூடினால் இலை ஒன்று மட்டும் கூடுவதில்லை. கதிரை ஒன்று, அழைப்பிதழ் ஒன்று, தாம்பூலப் பை ஒன்று, பரிமாறுவோரின் கூலியில் ஒரு பங்கு ஆகிய யாவும் கூடுகின்றன. 600 பேரை 300 ஆக்கும் வீட்டார், வேறெந்தச் சிக்கனத்தாலும் பெறமுடியாத மிச்சத்தைப் பெறுவர்.

ஆனால் யாரை விடுவது? இரு வீட்டாரும் ஒன்றாக அமர்ந்து பெயர்களை எழுதும்போது, அவை தாமாகவே மூன்று வகையாகப் பிரியும். தாய்மாமன், தோழன், தோழி, குடும்பத்து மூத்தோர் என, இல்லாவிடின் சடங்கே நடவாதவர் சிலர். அழையாவிடின் மனம் நோவோர் சிலர். “அவர் தம் வீட்டுக் கலியாணத்துக்கு எங்களை அழைத்தாரே” என்ற ஒரே காரணத்துக்காக எழுதப்படுவோர் பலர். பட்டியல் நீளுவது இம்மூன்றாம் வகையாலேதான். இவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்புவதிலும், கலியாணம் முடிந்த ஒரு வாரத்துள் மணமக்களே ஒரு பலகாரத் தட்டத்துடன் இவர்கள் வீட்டுக்குச் சென்று வணங்கி வருவது மேலானது. சனக்கூட்டத்தின் நடுவே கைகூப்பிப் போகும் மணமகனைக் காட்டிலும், தம் விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்தும் மணமகனையே பெரியோர் விரும்புவர்.

இது நடவாத காரியம் என்று சொல்வோர், 2020, 2021 ஆகிய ஆண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். பெருந்தொற்றின் காரணமாக விருந்தினர் தொகை கட்டுப்படுத்தப்பட்ட அந்நாள்களில், நெருங்கிய உறவினர் சிலர் மட்டும் சூழ்ந்து நிற்க எத்தனையோ திருமணங்கள் இந்நாட்டிலே நடந்தேறின. அவற்றுள் எதனையும் குறைபட்ட திருமணம் என்று எவரும் சொன்னதில்லை.

அடுத்தது பொன். மணமகன் வீட்டிலே நல்ல நாளிற் பொன்னுருக்கித் தாலி செய்வது வழக்கம். கொடியின் பவுண் ஒற்றை எண்ணில் அமையவேண்டும் என்பர். ஐந்தும் ஒற்றை, பதினொன்றும் ஒற்றை. ஒரு பவுண் எட்டுக் கிராமாதலின், இரண்டுக்கும் இடையே உள்ளது 48 கிராம் பொன். 2022 இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது பவுண் விலை பாய்ந்து ஏறியதைக் கண்டோர்க்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். பாரமான கொடிகள் பலவும் கலியாணத்தன்று மட்டும் கழுத்தில் இருந்து, மறுவாரமே வங்கிப் பெட்டகத்துள் உறங்கச் செல்கின்றன. நாள்தோறும் அணியத்தக்க ஐந்து பவுண் கொடியை மணமகளின் தந்தையே முன்வந்து கேட்பாராயின், மணமகன் வீட்டார் உள்ளூர மகிழ்வர்.

அழகு எங்கிருந்து வருகின்றது என்ற கேள்விக்கு வருவோம். வாயிலில் குலையோடு நிற்கும் இரண்டு வாழைகள், குருத்தோலைத் தோரணம், மாவிலை, கோலத்தின் மீது நிறைகுடமும் குத்துவிளக்கும் ஆகிய இவை எல்லாம் சேர்ந்தாலும் குளிர்நாட்டுப் பூக்களால் அமைக்கும் ஒரு சோடனையின் விலைக்கு எட்டா. ஆயினும் மாலைக்குள் வாடிப்போகும் அப்பூக்களினும் இவை கண்ணுக்கு இதமானவை. தாம்பூலத்தைப் பிளாஸ்ரிக் பையில் இடாது சிறிய பனையோலைப் பெட்டியில் இட்டுக் கொடுத்தால், பெற்றவர் அதனை வீட்டில் வைத்துப் பேணுவர். பின்னுகின்ற பெண்களுக்கும் வருவாய் உண்டு. பெட்டிகளுக்கு இரண்டு மாதம் முன்னரே சொல்லிவைத்தல் நன்று.

புகைப்படம் எடுப்போரைப் பற்றியும் ஒரு சொல். தாலி கட்டும் வேளையில் விருந்தினர் காண்பது பெரும்பாலும் அவர்களுடைய முதுகையே. ஒருவர் போதும், அவரும் மணவறையின் பக்கத்தே நிற்கட்டும்.

பலகாரச் சூடு என்பது முன்னாளில் ஒரு திருவிழா. அயற்பெண்கள் கூடிப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் சுடுகையில் கலியாணக் களை வீட்டுக்கு வந்துவிடும். இன்று கடையில் வாங்குவது எளிது, ஆனால் விலை அதிகம். அயலாரும் வெறும் விருந்தினராகிவிடுகின்றனர். சாப்பாட்டைப் பொறுத்தவரை, அந்தந்தப் பருவத்தில் விளையும் காய்கறிகளைக் கொண்டு ஆறு கறிகள் திருத்தமாக அமைந்தாற் போதும். ஆனி மாதத்துக் கலியாணமாயின், பாயாசத்தின் பின்னர் கறுத்தக்கொழும்பான் மாம்பழத் துண்டு ஒன்று இலையில் விழட்டும். ஐஸ்கிரீமை நினைப்பார் யார்? பந்தியில் அமர்த்திக் கேட்டுக் கேட்டுப் பரிமாறினால் உணவு வீணாவதும் குறையும்.

கூறையைப் பற்றி ஆடவர் அதிகம் பேசாதிருத்தல் நலம். வரவேற்பு நாளுக்கு மணமகள் தன் தாயின் கூறையை உடுத்தினால் அதைவிடச் சிறந்த பட்டு வேறில்லை என்பது மட்டும் சொல்லத்தக்கது.

1707 இல் ஒல்லாந்தர் எழுத்திற் பதிவித்த தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கின்றது. சீதனத்தின் நன்மை தீமைகள் வேறொரு பேச்சுக்கு உரியன. ஆனால் மணமான பின் இருவரும் சேர்ந்து தேடுவதே தேடியதேட்டம் என்றால், கலியாணக் கடனுக்கு வட்டி கட்டும் வீட்டில் அது எவ்வாறு தொடங்கும்? எழுதுவினைஞருடைய மூத்த மகன் வெளிநாட்டில் இருந்தால், அவ்வட்டி அவன் தலையிலேயே விழுகின்றது. பல வீடுகளில் இரண்டாம் மகளின் பேச்சுக்கால் தள்ளிப்போவதும் இதனாலேயே.

ஆகவே, அவர் ஒரு கொப்பியை எடுத்து, கையில் உள்ள பணத்தை முதற்பக்கத்தில் எழுதட்டும். அதிற் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கி, எஞ்சியதையே பங்கிடட்டும். நாதஸ்வர, தவிற் கலைஞருக்கும், சமையற்காரருக்கும், பந்தல் போட்டவருக்கும் உரிய பணத்தை அன்று மாலையே கொடுத்துவிடட்டும். காணி உறுதி அலுமாரியை விட்டு வெளியே வரவேண்டியதில்லை.