பெட்டகத்துக்குள் பழைய முகவரிகள்

ஆண்டிமடத்தில் ஒரே வீட்டில் தலைமுறையாக வாழும் குடும்பத்தின் அஞ்சல் முகவரி, அந்த வீடு இருந்த இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகராமலேயே பலமுறை மாறியிருக்கிறது. 1995 வரை அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். அந்த ஆண்டில் பெரம்பலூர் தனியாகப் பிரிந்ததும் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரியில் அரியலூர். மறு ஆண்டே இரு மாவட்டங்களும் இணைக்கப்பட்டதால் மறுபடியும் பெரம்பலூர். 2007 நவம்பர் 23 முதல் மீண்டும் அரியலூர். ஆண்டிமடமே தனி வட்டமான பிறகு முகவரியில் வட்டத்தின் பெயரும் மாறியது. பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் பத்திரத்தில் ஒன்றும் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் இன்னொன்றுமாக இப்பெயர்கள் கலந்து கிடப்பதால், எல்லாம் ஒரே ஊர்தான் என்று அலுவலக மேசைக்கு மேசை விளக்கிச்சொல்வது இப்பகுதியினருக்குப் பழகிய வேலை. கணினியிலும் கைப்பேசியிலும் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் பெட்டகங்களில் இரட்டைப் பதிவுகள் பெருகுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: கணக்கு மாறவில்லை, அதற்குப் போகும் முகவரி மாறியிருக்கிறது.

பாஸ்வேர்டு மேனேஜர் என்று அழைக்கப்படும் கடவுச்சொல் பெட்டகம், ஒவ்வொரு கணக்குக்கும் இணைய முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் ஒரு பதிவாகக் கட்டி, அவை அனைத்தையும் மறையாக்கம் செய்து பூட்டிவைக்கும் மென்பொருள். குரோம் உலாவியுடன் சேர்ந்தே வரும் கூகுள் பெட்டகத்தைப் பெட்டகம் என்றே அறியாமல் பயன்படுத்துவோர் மிகப் பலர். பிட்வார்டன், கீபாஸ் போன்றவற்றைத் தேடி நிறுவிக்கொள்வோர் அவர்களைவிடக் குறைவு. எதைப் பயன்படுத்தினாலும், பெட்டகம் ஒரு தளத்தை அடையாளம் காண்பது முகவரியைக் கொண்டே. முகப்பில் வங்கியின் பெயரும் சின்னமும் அப்படியே இருந்தாலும், முகவரி வேறாக இருந்தால் பெட்டகத்தைப் பொறுத்தவரை அது அறிமுகமில்லாத தளம். எனவே சேமித்ததை நிரப்பாது, பயனர் கையால் தட்டச்சு செய்து உள்ளே நுழைந்ததும் புதிய பதிவாகச் சேமிக்கவா என்று கேட்கும்.

இந்தியாவில் இப்படிக் கேட்கும் வாய்ப்புகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வருமானவரித் துறையின் மின்கணக்குத் தாக்கல் தளம் 2021 ஜூன் 7 அன்று பழைய முகவரியைக் கைவிட்டுப் புதிய முகவரிக்குக் குடிபெயர்ந்தது. பயனர் பெயர் அதே பான் எண்தான், ஆனாலும் அதற்கு முன்பும் பின்பும் கணக்குத் தாக்கல் செய்தவர்களின் பெட்டகங்களில் இரண்டு பதிவுகள் நிற்கின்றன. ஸ்டேட் வங்கியின் துணை வங்கிகள் 2017 ஏப்ரலில் தாய் வங்கியோடு இணைந்தன. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. கரூரில் 1926-இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. ஒவ்வோர் இணைப்பும் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களில் பயனற்றுப்போன பதிவுகளை விட்டுச்சென்றிருக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடமாற்றம் 2025-இல் நடந்தது. பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வங்கித் தளம்போலவே போலித் தளம் அமைத்துப் பணம் பறிப்பதைத் தடுக்கும் நோக்கில், இந்திய வங்கிகள் அனைத்தும் தங்கள் தளங்களை ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிகளுக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. இந்த ஈற்றுடன் கூடிய முகவரியை ஐதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் மட்டுமே, அதுவும் வங்கிகளுக்கு மட்டுமே பதிவுசெய்து தரும் என்பதால், போலிகள் அதற்குள் நுழைவது கடினம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஸ்டேட் வங்கியின் இணையச் சேவையை அது ‘காம்’ என்று முடிந்த காலத்திலிருந்து பயன்படுத்துபவர், இடையில் ‘எஸ்பிஐ’ என்றே முடிந்த முகவரியையும் கடந்து, இப்போது மூன்றாவது முகவரியில் நிற்கிறார். ஒரே சேமிப்புக் கணக்குக்கு அவருடைய பெட்டகத்தில் மூன்று பதிவுகள் இருந்தால் வியப்பதற்கில்லை.

பதிவுகள் கூடுவதால் இடம் அடைத்துக்கொள்வது ஒரு பொருட்டே அல்ல. கவலைக்குரியது பழக்கம். போலித் தளத்துக்கு எதிராகச் சாதாரணப் பயனரிடம் இருக்கும் மிகச் சிறந்த காவல், முகவரி பொருந்தாத இடத்தில் பெட்டகம் வாய் திறக்காமல் இருப்பதுதான். முகவரி மாறிய காலத்தில் உண்மையான வங்கித் தளத்திலும் பெட்டகம் வாய் திறக்கவில்லை. உடனே பயனர் பெட்டகத்தைத் தாமே திறந்து, பழைய பதிவிலிருந்து கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டினார். மோசடிக்காரர் எதிர்பார்ப்பதும் இதே செயலைத்தான். மூன்று பதிவுகளில் எது செல்லும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கும் வழக்கம் ஊறிப்போனால், பெட்டகத்தின் மௌனம் எச்சரிக்கை என்ற உணர்வே மழுங்கிவிடும். சில தவறான முயற்சிகளுக்குப் பின் வங்கி கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிடுவது கூடுதல் தொல்லை.

முகவரி மாற்றம் முதன்மையான காரணம் என்றாலும் ஒரே காரணம் அல்ல. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியின் வழியாக நுழைந்தால், கூகுள் பெட்டகம் அதை இணைய முகவரியாக அல்லாமல், ‘ஆண்ட்ராய்டு’ என்று தொடங்கி நீண்ட எழுத்துக் கோவையோடு செயலியின் உட்பெயரில் முடியும் விசித்திரமான முகவரியாகக் குறித்துக்கொள்வதால், ரயில் முன்பதிவுக் கணக்கு கணினிவழி ஒன்றாகவும் கைப்பேசிவழி இன்னொன்றாகவும் பதிவாகலாம். ஒரே கணக்கில் ஒருநாள் மின்னஞ்சலையும் மறுநாள் கைப்பேசி எண்ணையும் பயனர் பெயராக இட்டு நுழைந்தாலும் இரண்டு பதிவுகள் உண்டாகும். ஒரு பெட்டகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, முதல் முறை சரியாக ஏறவில்லை என்று நினைத்து இரண்டாம் முறையும் இறக்குமதி செய்தால், பிட்வார்டன் ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முழுப் பட்டியலையும் மறுபடி சேர்த்துவிடும். கீபாஸ் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்த அடையாள எண் ஒன்றைத் தந்து, இரு கோப்புகளை ஒத்திசைக்கும்போது அந்த எண்ணை வைத்தே எது எதன் மறுபதிப்பு என்று தீர்மானிக்கிறது. அடையாள எண் ஏதும் இல்லாத சாதாரணப் பட்டியலிலிருந்து ஏற்றினால் எல்லாமே புதிய எண் பெற்றுப் புதியவை ஆகிவிடுகின்றன.

இரட்டைப் பதிவு என்பதையும் அதைப்போலத் தோன்றும் மற்றவற்றையும் பிரித்தறியாமல் அழிக்கத் தொடங்கினால் இழப்பு நேரும். முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் ஒன்றாக இருப்பவை மட்டுமே கண்ணை மூடிக்கொண்டு அழிக்கத் தக்கவை. முதலிரண்டும் ஒன்றாகக் கடவுச்சொல் மட்டும் வேறானால் ஒன்று காலாவதியானது. எது என்பதைத் தளத்தில் நுழைந்து பார்த்தே அறிய முடியும். கடைசியாகச் சேமித்ததே சரியானது என்ற அனுமானம் எப்போதும் பலிப்பதில்லை, ஏனெனில் தவறான கடவுச்சொல்லையும் சில உலாவிகள் சேமிக்கக் கேட்டுவிடுகின்றன. ஒரே தளத்தில் பயனர் பெயர்கள் வேறானால் அவை பெரும்பாலும் தந்தைக்கும் மகளுக்கும் உரிய வெவ்வேறு கணக்குகள். அவற்றில் கை வைக்கலாகாது. பல தளங்களுக்கு ஒரே கடவுச்சொல் என்பது வேறு நோய்; அங்கே செய்ய வேண்டியது கடவுச்சொற்களை வேறாக்குவதே, பதிவை நீக்குவதல்ல. கீபாஸில் உள்ள ‘ஒரே கடவுச்சொல் கொண்டவை’ என்ற தேடல் இரட்டைப் பதிவுகளையும் இவற்றையும் கலந்தே காட்டும்.

தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் இங்கே எண்ணிப்பார்க்கத் தக்கது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்று குறிக்கப்பட்டோர் ஏறத்தாழ 66 லட்சம், இறந்தோர் ஏறத்தாழ 27 லட்சம், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவானோர் 3.4 லட்சத்துக்கும் குறைவு. மேடைப் பேச்சுகளில் இரட்டைப் பதிவே பெரிதாக ஒலித்தாலும், பட்டியலை நிரப்பியிருந்தவை இடம்பெயர்வும் இறப்புமே. கடவுச்சொல் பெட்டகத்தில் இரட்டையைத் தேடிப் புறப்படுபவரும் கண்டெடுப்பது பெரும்பாலும் இதே விகிதத்தைத்தான் என்று சொல்வது மிகையாகாது; மூடப்பட்ட வணிகத் தளங்களும் ஒருமுறை மட்டும் விண்ணப்பித்த தேர்வுத் தளங்களுமே அங்கே குவிந்திருக்கும். அந்தத் திருத்தத்தில் உயிரோடு ஊரில் இருப்பவரின் பெயரும் விடுபட்டதாகப் புகார்கள் எழுந்ததையும் நினைவில் கொள்ளலாம்: ஒத்தவற்றை இயந்திரம் கண்டுபிடித்துத் தரும், நீக்கலாமா என்பதை ஆள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இயந்திரம் கண்டுபிடிப்பதிலும் நுட்பம் தேவைப்படுகிறது. முகவரியின் கடைசி இரண்டு பகுதிகளை மட்டும் ஒப்பிட்டால், ‘கவ்.இன்’ என்று முடியும் வருமானவரித் தளமும் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தளமும் ஒன்றாகிவிடும்; இதைத் தவிர்க்கவே எந்தெந்த ஈறுகளுக்குக் கீழ் தனித்தனி உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்ற பொதுப் பட்டியலை மொசில்லா பராமரிக்கிறது. அதற்குப் பிறகும் சிக்கல் முழுவதும் தீர்வதில்லை. பட்டா, சிட்டா பார்க்கும் தளமும் இ-சேவைத் தளமும் ‘டி.என்.கவ்.இன்’ என்ற ஒரே கூரையின் கீழ் இருப்பதால், பிட்வார்டன் அதன் இயல்பான அமைப்பில் இரண்டுக்கும் உரிய பதிவுகளையும் இரண்டு இடத்திலும் நீட்டும். அவை இரட்டைகள் அல்ல. ‘ஹோஸ்ட்’ என்ற பொருத்த முறைக்கு மாற்றினால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் மட்டும் தோன்றும்.

நூறு இருநூறு பதிவுகள் என்றால் பெட்டகத்துக்குள்ளேயே பெயர் வரிசையில் பார்த்துக்கொண்டு போகலாம். அதற்கு மேற்பட்டால் சி.எஸ்.வி. எனப்படும், காற்புள்ளிகளால் பிரித்த எளிய பட்டியலாக ஏற்றுமதி செய்து, விரிதாளில் முகவரி, பயனர் பெயர் என்ற வரிசையில் அடுக்கிப் பார்ப்பது வழக்கம். பார்ப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். திருத்திச் சேமித்து மறுபடி பெட்டகத்தில் ஏற்றுவது ஆபத்து. வருங்கால வைப்புநிதியின் யு.ஏ.என். எண் 12 இலக்கம் கொண்டது. அதை எக்செல் ஓர் எண்ணாகவே கருதி, தசமப் புள்ளியும் நடுவில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் உள்ள சுருக்க வடிவில் காட்டி, அப்படியே சேமித்தும்விடுவதால், கடைசி இலக்கங்கள் மீட்க முடியாமல் போகும். சுழியத்தில் தொடங்கும் வாடிக்கையாளர் எண் முதல் சுழியத்தை இழக்கும். சமக்குறியில் தொடங்கும் கடவுச்சொல்லைக் கணக்கு வாய்பாடு என்று எடுத்துக்கொள்ளும். சி.எஸ்.வி. கோப்பில் மறையாக்கம் எதுவும் இல்லை என்பதால், அது வாழ வேண்டிய காலம் சில நிமிடங்களே; பதிவிறக்கக் கோப்புறையிலும் குப்பைத்தொட்டியிலும் மேகச் சேமிப்பிலும் அதன் படி தங்கியிருக்கிறதா என்று பார்த்து அழிக்க வேண்டும். கடவுவிசை எனப்படும் பாஸ்கீ இந்தப் பட்டியலில் வராது. இரண்டு பதிவுகளும் ஒன்றுபோல் தெரிந்தாலும், கடவுவிசை உள்ளதை அழித்துவிட்டால் அந்தக் கணக்குக்குள் நுழைய வேறு வழி தேட நேரும். பிட்வார்டன் அழித்தவற்றை 30 நாள் வைத்திருக்கும் என்பது ஓர் ஆறுதல்.

முகவரி மாறிய வங்கிப் பதிவுகளை அழிப்பதைவிட இணைப்பதே முறை. பிட்வார்டனிலும் ஆப்பிளின் பெட்டகத்திலும் ஒரே பதிவில் பல முகவரிகளை எழுதிவைக்கலாம். செல்லுபடியாகும் கடவுச்சொல் உள்ள பதிவில் ‘பேங்க்.இன்’ முகவரியைச் சேர்த்து, மற்றவற்றை நீக்கினால் போதும். புதிய முகவரியை வங்கி அனுப்பியதாக வரும் குறுஞ்செய்தியின் இணைப்பிலிருந்து நகலெடுக்காமல், தாமே தட்டச்சு செய்து உறுதிசெய்துகொள்வது நல்லது. மாற்றம் நிலைபெற்ற பிறகு பழைய முகவரியை அந்தப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும். கைவிடப்பட்ட முகவரியைப் பின்னாளில் வேறொருவர் விலைக்கு வாங்கிப் போலித் தளம் அமைத்தால், பெட்டகம் பழைய நினைவில் கடவுச்சொல்லை அங்கே நிரப்பிவிடும்.

முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஆண்டிமடம் போன்ற ஊர்களில், விண்ணப்பங்களில் கணிசமானவை இன்றும் இ-சேவை மையங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலுமே நிரப்பப்படுகின்றன. இத்தகைய மையத்தின் கணினியில், சேமிக்கவா என்ற கேள்விக்கு யாரோ ‘ஆம்’ என்று அழுத்தியிருந்தால், ஒரே தளத்தின் கீழ் ஊராரின் பயனர் பெயர்கள் வரிசையாகச் சேர்ந்துவிடுகின்றன. அவை இரட்டைப் பதிவுகள் அல்ல என்றாலும், உரியவரின் பார்வைக்கு எட்டாத இன்னொரு பெட்டகத்தில் கிடக்கும் இரண்டாம் படிகள் என்பதால், சொந்தக் கைப்பேசியில் எவ்வளவு துப்புரவாகக் களையெடுத்தாலும் அவை அப்படியே இருக்கும். அங்கே அழிக்கச் சொல்லிக் காத்திருப்பதைவிட, தேர்வாணையம், வைப்புநிதி, ரயில் முன்பதிவு என மையத்தில் பயன்படுத்திய கணக்குகளின் கடவுச்சொற்களைச் சொந்தக் கைப்பேசியிலிருந்தே மாற்றிவிட்டால் அந்தப் படிகள் செல்லாக்காசாகிவிடும். மாற்றும்போது பெட்டகம் ‘புதுப்பிக்கவா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்றும், ‘புதிதாகச் சேமிக்கவா’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்றும் சொல்லிவிட்டு, ஏற்கெனவே உள்ள பதிவைத் திறந்து கையால் திருத்திக்கொள்ளலாம்.