சாக்குத்துணியில் தைத்த சாட்சியம்

தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலைத்தொடருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் நாடு சிலி. 1973ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அந்நாட்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தளபதி பினோசேயின் கொடுங்கோன்மை 1990 வரை நீடித்தது. அக்காலத்தில் கொல்லப்பட்டவர்களும் காணாமற்போனவர்களும் 3,000 பேருக்கு மேல். பிடித்துச் செல்லப்பட்ட கணவனையும் மகனையும் தேடிச் சிறை வாயில்களில் காத்து நின்ற பெண்கள் பலருக்கு, அப்படி ஒருவரைத் தாங்கள் கைது செய்யவே இல்லை என்ற மறுமொழிதான் கிடைத்தது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உடல் கிடைத்தால் கல்லறை எழுப்பலாம். இறந்தோர் திருநாளில் மெழுகுதிரி ஏற்றலாம். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றால், ஒரு பாட்டி தன் பேரனிடம் எதைக் காட்டி, "இவர்தாம் உன் தந்தை" என்று சொல்வாள்?

கொடுமைக்கு ஆளானோருக்கு உதவ, பல சபையினரும் இணைந்து 1973இல் ஒரு குழுவை அமைத்தனர். அரசின் நெருக்குதலால் 1975இன் இறுதியில் அது மூடப்பட்டது. கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கேஸ் மனந்தளரவில்லை. 1976 சனவரியில், சாந்தியாகோ பேராலயத்தின் அருகிலேயே தோழமைப் பணியகம் ஒன்றை நிறுவினார். அங்கே வழக்கறிஞர்கள் காணாமற்போனோருக்காக நீதிமன்றங்களில் மனுச் செய்தனர். முந்திய குழுவின் நாளிலேயே தொடங்கிய பெண்களின் தையற்கூடங்களையும் அப்பணியகம் பேணி வளர்த்தது.

சாக்குத்துணியே அவர்களுக்குப் படம் தீட்டும் திரை. அதற்கு ஸ்பானிய மொழியில் ஆர்பியேரா என்று பெயர். அப்பெயரே அப்படங்களுக்கும் ஆயிற்று. கிழிந்த துணித்துண்டுகளை வெட்டி, மலையும் கதிரவனும் வீடுகளும் தைத்தனர். அவற்றின் நடுவே, கதவை உடைக்கும் காவலர்களையும், ஆள் இல்லாத நாற்காலியையும், தங்கள் அன்பர் எங்கே என்ற கேள்வியைத் தாங்கிய பெண்களையும் தைத்தனர். காணாமற்போனவரின் சட்டைத் துண்டையே படத்தில் சேர்த்தவர்களும் உண்டு. பணியகம் இவற்றை வெளிநாடுகளில் விற்றுக் கொடுத்தது. சம்பாதித்தவரை இழந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. உலகமும் உண்மையை அறிந்தது.

ஒளிமிக்க அவ்வண்ணங்களைத் தொலைவிலிருந்து பார்ப்பவர், ஏதோ திருவிழாக் காட்சி என்றே எண்ணக்கூடும். ஆகவே பல படங்களின் பின்புறத்தில் சிறு பை ஒன்றைத் தைத்து, அதனுள் நடந்ததைக் கையால் எழுதிய தாளை வைத்தனர். கலை நினைவைக் காக்கும். ஆனால் அதை எடுத்துரைக்க ஒரு குரலும் வேண்டும் என்பதை அப்பெண்கள் அறிந்திருந்தனர்.

2010இல் சாந்தியாகோவில் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகத்தில் இத்துணிப்படங்களும் பாதுகாக்கப்படுகின்றன. அக்கொடிய ஆட்சியைக் காணாத தலைமுறை அவற்றின் முன் நிற்கிறது.

பிள்ளைகள் அஞ்சக்கூடாது என்று பெற்றோர் பழந்துயரை மறைப்பது இயல்பே. ஆயினும் காரணம் தெரியாத மெளனம் பிள்ளைகளிடம் காரணம் தெரியாத அச்சமாகவே சென்று சேரும். பாஸ்கா இரவில் பிள்ளை பொருள் கேட்க, அடிமை வாழ்வையும் விடுதலையையும் பெற்றோர் எடுத்துரைக்க வேண்டும் என்பது இறைமக்களின் பழைய முறைமை. கேள்வி பிள்ளையினுடையது; விடை சொல்லும் கடமை பெரியோருடையது. பகையை வளர்ப்பதற்காக அன்று. காணாமற்போனவர் மீண்டும் ஒருமுறை மறதியில் காணாமற்போகாதிருக்கவே.

உங்கள் இல்லத்துப் பழம்பெட்டியிலும் துயரம் சுமந்த பொருள் ஏதேனும் இருக்கலாம். அதன் வரலாற்றை அறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே, அதை எழுதி அதனோடு வைத்துவிடுங்கள்.