ஹேண்டில்பார் மாத்தியாச்சா? ஆக்சிலேட்டர் ஒட்டுதா? பைக் ஓட்டுறவங்களே உஷார்!

சென்னை: பைக்குக்கு கெத்தா ஒரு ஹேண்டில்பார் போடணும் என்பது இளைஞர்களின் ஆசை. புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு கடைகளில் வாங்கி அன்றே மாட்டியும் விடுகிறார்கள். ஆனால் மாட்டிய பிறகு ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டு கையை எடுத்தால், சில வண்டிகளில் அது திரும்பி வராமல் அப்படியே நிற்கும். சிக்னலில் இப்படி நடந்தால் முன்னால் நிற்பவர் கதி என்ன?

காரணம் என்ன?

பழைய ஹேண்டிலின் அளவுக்குத்தான் கம்பெனியில் கேபிள் கொடுத்திருப்பார்கள். புது ஹேண்டில் உயரமாகவோ அகலமாகவோ இருந்தால் கேபிள் இழுபடும். டேங்குக்கு அடியில் மடங்கினாலும் உள்ளே கம்பி உரசும்.

இன்னொரு காரணம், கைப்பிடி. கிரிப்பை ஓவராக உள்ளே தள்ளினால் சுவிட்ச் பாக்சில் இடிக்கும். வெளியே வந்தால் ஹேண்டில் முனையில் உள்ள வெயிட்டில் உரசும். இரண்டு பக்கமும் நூல் அளவாவது இடைவெளி வேண்டும். சில வண்டிகளில் சுவிட்ச் பாக்சுக்குள் ஒரு சின்ன பின் இருக்கும். புது ஹேண்டிலில் அதற்கு ஓட்டை இல்லாவிட்டால் பாக்ஸ் கோணலாக உட்கார்ந்து கைப்பிடியை அமுக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

* இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு சுவிட்ச் பாக்ஸ் ஸ்க்ரூவை கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. கைப்பிடி ஃப்ரீயானால் கோளாறு அங்கேதான்.

* ஆகலையா? கேபிளை கைப்பிடியில் இருந்து கழற்றி, வெறும் கைப்பிடியை சுற்றிப் பாருங்க. அது லேசாக சுற்றினால் கோளாறு கேபிளிலோ, கீழே கார்புரேட்டர் பக்கமோ இருக்கு.

* கேபிளை பெரிய வளைவாக, எதிலும் சிக்காமல் விடுங்க. நீளம் பத்தலைன்னா நீளமான கேபிள்தான் வழி. இழுத்துப் பிடித்து ஒப்பேத்த வேண்டாம்.

* கைப்பிடிக்குள் மண், துரு இருந்தால் துடைங்க. கெட்டி கிரீஸ் அப்பினால் தூசி சேர்ந்து திரும்பவும் ஒட்டும்.

கடைசி டெஸ்ட்

ஹேண்டிலை முழுசாக இடது, நடு, முழுசாக வலது என்று திருப்பி, மூன்று இடத்திலும் முறுக்கி விடுங்க. 'டக்'கென்று திரும்பணும். பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஹேண்டிலை இருபுறமும் திருப்புங்க. ரேஸ் ஏறினால் கேபிள் டைட்டா இருக்குன்னு அர்த்தம். கைப்பிடியில் 2 முதல் 3 மி.மீ. வரை சும்மா ஆடும் இடம் பொதுவாகத் தேவை. கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ் இழுபடுதான்னும் பாருங்க.

ஓடும்போது ஒட்டிக்கிட்டா?

பதறாதீங்க. கிளட்சைப் பிடிங்க, கில் சுவிட்ச் இருந்தால் அணைங்க, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் போட்டு ஓரம் கட்டுங்க. ஓடும் வண்டியில் சாவியை லாக் வரைக்கும் திருப்பிடாதீங்க.

சரி செய்யும் வரை வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம். தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டு விடுங்கள்.